வில்லைத் தேர்வும் பழக்கத்தின் அளவையும்

ஜூம் லென்ஸ் என்று ஒளிப்படக்காரர் வழங்கும் மாறுகுவிய வில்லைகளுள் இரண்டை எடுத்துக்கொள்வோம். இரண்டும் சோனி நிறுவனம் செய்தவை. ஒன்றின் குவியத் தொலைவு 24 முதல் 70 மி.மீ. வரை மாறும், அதன் ஒளித்துளை எஃப் 2.8. 2022இல் வெளிவந்த அதன் இரண்டாம் வடிவின் எடை 695 கிராம். மற்றொன்று 24 முதல் 105 மி.மீ. வரை மாறும், ஒளித்துளை எஃப் 4, 2017இல் வந்தது, எடை 663 கிராம். இரண்டுக்கும் எடையில் உள்ள வேறுபாடு 32 கிராம். கையில் ஏந்தினால் அது தெரியாது. ஏறத்தாழ ஒரே எடையில் ஒன்று இருமடங்கு ஒளியை உள்ளே விடுகிறது. மற்றொன்று தொலைவிலுள்ளதை ஒன்றரை மடங்கு நெருக்கிக் காட்டுகிறது.

இரண்டு நலன்களையும் ஒருங்கே தரும் வில்லையும் உண்டு. கேனான் நிறுவனம் 2023இல் 24 முதல் 105 மி.மீ. வரை எஃப் 2.8 துளையோடு ஒன்றை வெளியிட்டது. அதன் எடை 1330 கிராம். ஒளியும் வேண்டும், வீச்சும் வேண்டும் என்று கேட்டவுடன் எடை இருமடங்காகிவிட்டது. விலையும் அதற்கேற்ப ஏறியது. ஆகவே வில்லையைத் தேர்தல் என்பது பெரும்பாலும் எதை விட்டுக்கொடுப்பது என்று முடிவு செய்தலே. விடத்தக்கது எது என்பதை வில்லையோடு வரும் விளக்கத்தாள் கூறாது. படம் எடுப்பவரின் பழக்கம் கூறும். அப்பழக்கத்தை ஊகிக்க வேண்டியதில்லை; எண்ணால் அளந்தறிய முடியும். அளந்ததைப் பொருள்கொள்ளச் சிறிது ஒளியியல் வேண்டும்.

முதலில் கோணம். 36 மி.மீ. அகலமும் 24 மி.மீ. உயரமும் உடைய முழுச்சட்டக உணரியில், 24 மி.மீ. வில்லை மூலைக்கு மூலை 84 பாகை அளவுக்குக் காட்சியை உள்வாங்கும். 28 மி.மீ. வில்லை 75 பாகை, 50 மி.மீ. 47 பாகை; 70 மி.மீ. 34 பாகை, 105 மி.மீ. 23 பாகை, 200 மி.மீ. 12 பாகைக்குச் சற்று மேல். இவ்வெண்களை நினைவில் ஏற்ற வேண்டியதில்லை. ஆனால் இவற்றுள் பொதிந்துள்ள ஓர் உண்மையைக் கடைக்குச் செல்லுமுன் உணர்ந்தாக வேண்டும். மி.மீ. வேறுபாட்டுக்குத் தனியே பொருள் இல்லை. எத்தனை மடங்கு என்பதே பொருளுடையது. மூன்று மீட்டர் தொலைவில் ஒரு குழுவினரை நிறுத்திப் படம் எடுப்பதாகக் கொள்வோம். 24 மி.மீ. வில்லையில் 4.5 மீட்டர் அகலம் அடங்கும். 28 மி.மீ. வில்லையில் 3.86 மீட்டரே அடங்கும். இடைப்பட்ட 64 செ.மீ. ஓர் ஆள் நிற்கும் இடம். அதே 4 மி.மீ. வேறுபாடு 200 மி.மீ. முனையில் வந்தால், அதே மூன்று மீட்டரில், அகலம் ஒரு செ.மீ. அளவே மாறும். ஆகவே ‘24க்கும் 28க்கும் நான்குதானே வேறுபாடு’ என்று எண்ணி அகன்ற முனையைக் கைவிடுவோர், குழுப்படத்தின் ஓரத்தில் நிற்கும் ஒருவரைக் கைவிடுகின்றனர்.

இனி இத்தகைய வில்லை எவ்வாறு இயல்கிறது என்பதைக் காண்போம். ஒரு தனி வில்லையின் குவியத் தொலைவு அதன் வளைவாலும் தடிப்பாலும் கண்ணாடியின் ஒளிவிலகல் எண்ணாலும் உறுதியாகிவிடுவது. கண்ணாடியை நீட்டவோ சுருக்கவோ இயலாது. ஆயினும் இரண்டு வில்லைகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தி அவற்றின் இடைவெளியை மாற்றினால், இரண்டின் கூட்டுக் குவியத் தொலைவு மாறும். மாறுகுவிய வில்லையின் அடிப்படை இவ்வளவே. இடர்ப்பாடு அதன்பின் தொடங்குகிறது. இடைவெளி மாறும்போது உரு விழும் தளமும் முன்னும் பின்னும் நகர்ந்துவிடும், படம் தெளிவிழக்கும். எனவே ஒரு கண்ணாடித் தொகுதி குவியத் தொலைவை மாற்றுவதற்காக நகர வேண்டும். இன்னொரு தொகுதி, விலகிய உருவை மீண்டும் உணரியின்மேல் நிறுத்துவதற்காக வேறொரு கணக்கில் நகர வேண்டும். இந்த இரண்டாம் தொகுதி செல்லும் வழி பெரும்பாலும் வளைகோடு. வில்லைக் குழலின் உள்ளே அவ்வளைகோடு காடியாக வெட்டப்பட்டிருக்கும். நாம் வெளியே வளையத்தைத் திருகும்போது, தொகுதிகளைத் தாங்கும் முளைகள் அக்காடிகளின் வழியே ஊர்ந்து செல்கின்றன. காடி மயிரிழை பிசகினாலும் படத்தின் கூர்மை கெடும்.

கருத்து பழையது, அதைச் செயலாக்குவதற்கே காலம் பிடித்தது. அமெரிக்கரான கிளைல் ஆலன் 1902இல் குவியத் தொலைவு மாறும் வில்லை ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். இங்கிலாந்தின் லெஸ்டர் நகரிலிருந்த டெய்லர், டெய்லர் அண்டு ஹாப்சன் நிறுவனம் 1932இல் குக் வேரோ என்னும் 40–120 மி.மீ. வில்லையைத் திரைப்படத் துறைக்கு அளித்தது. 35 மி.மீ. நிலைப்படக் கருவிக்கு உரிய முதல் மாறுகுவிய வில்லை 1959இல்தான் வந்தது. வியன்னாவிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய ஃபிராங்க் பேக் வகுத்த ஃபோக்ட்லெண்டர் ஜூமார் அது: 36 முதல் 82 மி.மீ. வரை, எஃப் 2.8.

இவ்வளவு காலம் தாழ்ந்ததற்கு ஒரு பெருந்தடை எதிரொளிப்பு. பூச்சில்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 4 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பிவிடும். குவியத் தொலைவு மாறாத, மூன்று நான்கு கண்ணாடிகளே உள்ள நிலைகுவிய வில்லையில் இவ்விழப்பைப் பொறுத்துக்கொள்ளலாம். மாறுகுவிய வில்லையிலோ கண்ணாடிகள் பல. காற்றால் பிரிக்கப்பட்ட தொகுதிகள் 11 எனக் கொண்டால் ஒளி கடக்க வேண்டிய பரப்புகள் 22. ஒவ்வொரு பரப்பிலும் 96 விழுக்காடே கடக்குமானால், 22 பரப்புகளுக்கு அப்பால் எஞ்சுவது 41 விழுக்காடு. இழந்த ஒளியைவிடக் கேடு செய்வது, திரும்பிய ஒளியில் ஒரு பகுதி கண்ணாடிகளுக்கிடையே முட்டிமோதி மீண்டும் உணரியையோ படச்சுருளையோ சென்று சேர்வது. அது கருமையை வெளுக்கச் செய்யும். விளக்குகளின் போலியுருக்களைப் படமெங்கும் சிதறவிடும். 1935இல் சைஸ் நிறுவனத்தின் அலெக்சாண்டர் சிமாக்குலா, கண்ணாடியின்மேல் ஒளியின் அலைநீளத்திலும் மெல்லிய பூச்சை ஏற்றி எதிரொளிப்பைத் தணிக்கும் முறையைக் கண்டார். இன்றைய பல்லடுக்குப் பூச்சில் ஒரு பரப்பின் இழப்பை அரை விழுக்காடு என்று கொண்டாலும், அதே 22 பரப்புகளைக் கடந்து ஏறத்தாழ 90 விழுக்காடு ஒளி வந்து சேரும். நம் கையிலுள்ள மாறுகுவிய வில்லை எதுவாயினும் இப்பூச்சின்றிப் பயன்படாது. ஒளிப்படக்கலையின் வரலாற்றில் இதற்கு உரிய சிறப்பு இன்னும் தரப்படவில்லை என்பது என் எண்ணம்.

பூச்சு ஒளியிழப்பைத் தீர்த்தது. கண்ணாடியின் மற்றக் கணக்குகள் தீரவில்லை. வீச்சு கூடக்கூடத் தொகுதிகள் நகர வேண்டிய தொலைவு கூடும். ஒரு முனையில் திருத்திய பிழை மறுமுனையில் தலைகாட்டும். துளை விரிந்தாலோ பிழைகள் விரைந்து பெருகும். வில்லையின் விளிம்பு வழியே வரும் கதிரும் நடுவழியே வரும் கதிரும் ஒரே புள்ளியில் குவியாமல் போகும் கோளப் பிறழ்ச்சி, துளை விட்டத்தின் மும்மடியாக வளர்வது. எஃப் 4 துளையை எஃப் 2.8 ஆக விரித்தால், திருத்தப்படாத அப்பிழை கிட்டத்தட்ட மூன்று மடங்காகும். அதை அடக்கக் கோளமல்லாத வளைவுடைய கண்ணாடிகள், நிறப்பிரிகை குறைந்த சிறப்புக் கண்ணாடிகள் எனச் செலவு மிகுந்த உறுப்புகள் வேண்டும். ஆகவே வில்லை வகுப்போர் எங்கேனும் விட்டுக்கொடுத்தே தீர வேண்டும். டாம்ரான் 28–75 எஃப் 2.8 வில்லையின் இரண்டாம் வடிவு 540 கிராம். சிக்மா 28–70 எஃப் 2.8 வில்லை 470 கிராம். இவை இலகுவானதற்கு, அகன்ற முனையில் 24ஐ விட்டுக்கொடுத்ததும் ஒரு காரணம். சோனியின் 20–70 எஃப் 4 வில்லை 488 கிராம். அது துளையை விட்டுக்கொடுத்து அகலத்தை வாங்கியது. எந்த வில்லையும் எதையோ கொடுத்தே எதையோ பெற்றிருக்கிறது.

துளை விரிந்திருப்பதால் வரும் பயன் யாது? எஃப் 4இலிருந்து எஃப் 2.8க்குச் சென்றால் ஒளி இருமடங்கு. எஃப் 4இல் ஒரு நொடியின் 125இல் ஒரு பங்கு காலம் ஷட்டர் திறந்திருக்க வேண்டிய இடத்தில், எஃப் 2.8இல் 250இல் ஒரு பங்கு போதும். சென்னையில் மார்கழித் திங்களின் ஆடல் அரங்கு ஒன்றை எண்ணிப் பாருங்கள். ஆடுபவரின் கை நொடிக்கு இரண்டு மீட்டர் விரைவில் வீசினால், 125இல் ஒரு பங்கு நொடியில் அது 16 மி.மீ. நகர்ந்துவிடும், 250இல் ஒரு பங்கில் 8 மி.மீ. நகரும். விரல்நுனியின் முத்திரை தெளிவாக விழுவதும் மழுங்குவதும் இவ்வேறுபாட்டில் நிற்கின்றன. தாலி கட்டும் நொடியில் மணமேடையின் நெருக்கத்தில் நிற்பவருக்கும், வீட்டினுள் ஓடியாடும் குழந்தையை மாலை விளக்கொளியில் எடுக்கும் பெற்றோருக்கும் இதே கணக்குதான். அசையும் பொருள், மங்கிய ஒளி, இவை இரண்டும் ஒருங்கே சேரும் இடத்தில் விரிந்த துளைக்கு மாற்று இல்லை. உணரியின் ஒளியுணர்வை, அதாவது ஐ.எஸ்.ஓ. எண்ணை, ஏற்றிச் சரிக்கட்டலாம் என்பர்; இன்றைய உணரிகளில் அது பெருமளவு உண்மையும்கூட. ஆனால் ஏற்கெனவே 6400இல் நிற்பவர் 12800க்கு ஏறும்போது முகத்தின் நிறத்தில் குருணை படிவதைக் காண்பார்.

பொருள் அசையாதிருந்தால் நிலை முற்றிலும் வேறு. 1995இல் கேனான் தன் 75–300 மி.மீ. வில்லையில் அதிர்வுத் தடுப்பைப் புகுத்தியது. மாற்றுவில்லைக் கருவிகளில் அதுவே தொடக்கம். கை நடுங்கும்போது ஒரு கண்ணாடித் தொகுதி எதிர்த்திசையில் நகர்ந்து உருவை நிலைநிறுத்தும். இப்போது உணரியே அவ்வாறு நகரும் கருவிகள் பெருகிவிட்டன. கோயில் மண்டபத்தின் தூண்களை இருட்டில் எடுப்பவர்க்கு எஃப் 2.8 தேவையே இல்லை. அவர் துளையைக் குறுக்கித் தூண் வரிசை முழுவதும் தெளிவாக வரவே விரும்புவார். கை நடுக்கத்தைத் தடுப்பு வெல்லும். ஆடுபவரின் கை வீச்சை அது வெல்லாது. விளம்பரங்களில் இவ்விரண்டும் ஒன்றாகக் கலந்து கூறப்படுவதால், பலர் தமக்கு வேண்டாததை வாங்குகின்றனர்.

விரிந்த துளையை நாடுவோர் கூறும் மற்றொரு காரணம், பின்புலத்தை மழுக்கிக் காட்டும் அழகு. இங்கே ஒளியியல் நமக்கு ஒரு வியப்பை வைத்திருக்கிறது. முகம் தெளிவாக இருக்க, நெடுந்தொலைவிலுள்ள விளக்கு ஒன்று பின்னால் ஒளிவட்டமாகப் பரவுகிறது. அவ்வட்டத்தின் விட்டம் எதைப் பொறுத்தது? முகம் படத்தில் எந்த அளவில் விழுகிறது என்பதையும், துளையின் உண்மையான விட்டத்தையும் பெருக்கினால் அது கிடைக்கும். துளையின் உண்மையான விட்டம் என்பது குவியத் தொலைவைத் துளை எண்ணால் வகுத்து வருவது. 70ஐ 2.8ஆல் வகுத்தால் 25 மி.மீ. 105ஐ 4ஆல் வகுத்தால் 26.25 மி.மீ. அதாவது, முகம் ஒரே அளவில் விழுமாறு நின்று எடுத்தால், 24–105 எஃப் 4 வில்லை தன் நீண்ட முனையில், 24–70 எஃப் 2.8 வில்லைக்கு இணையாகத் தொலைப்பின்புலத்தை மழுக்கும். ஒரு துளி மிகுதியாகவும் மழுக்கும்.

இது எங்கும் பொருந்தும் என்று கொள்ளலாகாது. 60 செ.மீ. உயரமுள்ள காட்சி சட்டகத்தின் நீளம் முழுதும் நிரம்புமாறு ஒருவரின் மார்பளவுப் படத்தை எடுக்க 70 மி.மீ. வில்லையில் ஏறத்தாழ 1.24 மீட்டரில் நிற்க வேண்டும், 105இல் 1.85 மீட்டரில் நிற்க வேண்டும். பின்னால் அரை மீட்டரில் சுவர் ஒன்று இருந்தால், அச்சுவரின் மழுக்கம் எஃப் 2.8 வில்லையில் ஏறத்தாழ 1.3 மடங்கு மிகும். திறந்த வெளியில், ஆற்றங்கரையில், வயல்வெளியில் முகங்களை எடுப்பவர்க்கு எஃப் 4 வில்லை குறைவொன்றும் தராது. சிறிய அறையில், சுவரை ஒட்டி அமர்ந்தவரை எடுப்பவர்க்கு எஃப் 2.8 பயன்படும், அவருக்குப் பின்னோக்கி நகர 60 செ.மீ. இடம் இருக்கிறதா என்பதும் ஐயமே. நிற்கும் இடம் மாறும்போது முகத்தின் தோற்றமும் மாறும். அருகில் நின்றால் மூக்கு பெருத்துச் செவிகள் சிறுத்துக் காணும். விலகினால் அவற்றின் ஒப்பளவு சீராகும். தோற்றத்தின் இந்த மாற்றத்தைப் பலர் வில்லையின் மேல் ஏற்றிக் கூறுவர். அது முழுக்க நிற்கும் இடத்தின் விளைவு. வில்லை, அவ்விடத்திலிருந்து தெரிவதில் எவ்வளவு பகுதியை வெட்டி எடுப்பது என்பதை மட்டுமே முடிவு செய்கிறது.

1.5 மடங்கு சிறிய உணரியுடைய கருவியை வைத்திருப்போர்க்கும் இதே கணக்கு வழி காட்டும். டாம்ரான் 2021இல் வெளியிட்ட 17–70 எஃப் 2.8 வில்லை, அச்சிறிய உணரியில் கோணத்தால் 25.5–105 மி.மீ. வில்லைக்கு நிகர். அதன் துளை விட்டம் நீண்ட முனையில் 25 மி.மீ.; ஆகவே பின்புல மழுக்கத்தில் முழுச்சட்டகத்தின் 105 மி.மீ. எஃப் 4.2க்கு நிகர். எடை 525 கிராம். பெரிய உணரிக்கு மாறினால்தான் பின்புலம் மழுங்கும் என்று எண்ணி இரண்டு மடங்கு செலவிட நினைப்போர் இவ்வகுத்தலை ஒருமுறை செய்து பார்ப்பது நன்று.

இப்போது பழக்கத்தை அளக்கும் செயலுக்கு வருவோம். எண்முறைக் கருவி ஒவ்வொரு படத்தோடும் சில குறிப்புகளைத் தானே எழுதிவைக்கிறது: குவியத் தொலைவு, துளை எண், ஷட்டர் திறந்திருந்த காலம், ஐ.எஸ்.ஓ. எண், நாள், பொழுது. எக்ஸிஃப் என்று பெயர் பெற்ற இக்குறிப்புகளை லைட்ரூம் போன்ற மென்பொருள்கள் வடிகட்டிக் காட்டும். எக்ஸிஃப்டூல் என்னும் இலவசக் கருவி அட்டவணையாகவே தரும். ஓராண்டுப் படங்களை இவ்வாறு தொகுத்தால், எந்தக் குவியத் தொலைவில் எத்தனை படங்கள் என்பது கண்முன் நிற்கும். என் பார்வையில், எந்த வல்லுநரின் மதிப்புரையைவிடவும் இவ்வட்டவணை மேலானது. வல்லுநர் தம் பழக்கத்தைக் கொண்டு எழுதுகிறார். இது உங்கள் பழக்கம்.

ஆனால் எண்களை எண்ணிவிட்டால் மட்டும் போதாது. அவற்றைப் படிக்கவும் தெரிய வேண்டும். 24–70 வில்லை வைத்திருப்பவரின் அட்டவணையில் பெரும்பாலும் இரண்டு குவியல்கள் தென்படும்: ஒன்று 24இல், மற்றொன்று 70இல். இதைக் கண்டு ‘எனக்கு 70 மி.மீ. மிக விருப்பம்’ என்று முடிவு செய்வது பிழை. வளையம் அங்கே முட்டி நின்றுவிட்டது. கை இன்னும் திருக விரும்பியிருக்கலாம். அளவுகோல் முடிந்த இடத்தில் குவிந்து கிடப்பவை, அளவுகோலுக்கு அப்பாலும் வேட்கை இருந்ததைக் காட்டும் தடயங்கள். அந்த 70 மி.மீ. படங்களைத் தனியே எடுத்து, அவற்றுள் எத்தனையைப் பின்னர் ஓரம் வெட்டிச் சிறிதாக்கினீர்கள் என்று பாருங்கள். ஒன்றரை மடங்கு வெட்டியிருந்தால் உங்கள் கண் தேடியது 105. இருமடங்குக்கு மேல் வெட்டியிருந்தால் 105உம் போதாது. 200 வரை செல்லும் வில்லையே வேண்டும். வெட்டாமல் விட்டவையே மிகுதி என்றால் 70 உங்களுக்கு உண்மையாகவே போதும்.

24இல் குவிந்தவற்றை வேறு வகையில் ஆராய வேண்டும். அங்கே வெட்டிய அளவு எதையும் சொல்லாது. படத்தில் வராமல் போனதை நீங்களே நினைவுகூர வேண்டும். சுவரில் முதுகு சாய்த்து எடுத்தவை எத்தனை, பின்னால் இடம் இருந்தும் நகராமல் எடுத்தவை எத்தனை என்று கேளுங்கள். இரு முனைகளுக்கும் இங்கே பெரிய வேறுபாடு உண்டு. நீளம் போதாதபோது வெட்டி ஈடு செய்யலாம். 24 மெகாபிக்சல் கொண்ட படத்தை ஒன்றரை மடங்கு வெட்டினால் 10.7 மெகாபிக்சல் எஞ்சும். அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என அச்சிட்டாலும் 13 அங்குல நீளப் படம் வரும். அகலம் போதாதபோது அவ்வாறு ஈடு செய்ய வழியில்லை. பல படங்களை ஒட்டிச் சேர்ப்பது அசையாப் பொருளுக்கே ஒத்துவரும். தஞ்சைப் பெரிய கோயிலின் விமானம் ஏறத்தாழ 60 மீட்டர் உயர்ந்தது. கருவியை நெட்டாக நிறுத்தி, மேல்நோக்கிச் சாய்க்காமல், விமானத்தின் கோடுகள் சரியாது எடுக்க 24 மி.மீ. வில்லையோடு 80 மீட்டர் விலகி நிற்க வேண்டும், 28 மி.மீ. வில்லையோடு 93 மீட்டர். பெரிய கோயிலின் முற்றத்தில் அதற்கு இடம் உண்டு. தெருக்களால் நெருக்குண்ட கோபுரங்களுக்கு முன் அவ்விடம் கிடைக்காது. ஆகவே இரு வில்லைகளுக்கிடையே ஐயம் எழுந்தால், மற்றவை ஒத்திருக்கும்போது, அகன்ற முனையைக் காத்துக்கொள்வதே அறிவு என்பது என் துணிபு.

அடுத்துத் துளை எண்ணையும் காலத்தையும் இணைத்துப் பாருங்கள். எஃப் 2.8 வில்லையை வைத்துக்கொண்டு பெரும்பாலான படங்களை எஃப் 5.6இலும் 8இலும் எடுத்திருந்தால், விரிந்த துளைக்குக் கொடுத்த பொருளும் சுமந்த எடையும் வீண். முழுத்துளையில் எடுத்தவை மிகுதியாயின், அவை ஒளி குறைந்ததால் எடுக்கப்பட்டனவா, பின்புலம் மழுங்க எடுக்கப்பட்டனவா என்று பிரிக்க வேண்டும். ஐ.எஸ்.ஓ. எண் அதைக் காட்டிக்கொடுக்கும். முழுத்துளையோடு ஐ.எஸ்.ஓ. 100 என்றிருந்தால் பகலொளியில் மழுக்கத்துக்காக எடுத்தது. மேலே கூறிய கணக்கின்படி எஃப் 4 நீள்வில்லையும் அதைச் செய்யும். முழுத்துளையோடு 3200, 6400 என்று நின்று, காலமும் 250இல் ஒரு பங்கு, 500இல் ஒரு பங்கு என்றிருந்தால், ஒளிக்கும் அசைவுக்கும் நடுவே நீங்கள் போராடியிருக்கிறீர்கள். உங்களுக்கு எஃப் 2.8 வேண்டும், தயங்க வேண்டாம்.

எண்ணும்போது காட்சிகளை எண்ணுங்கள்; ஷட்டர் அழுத்தங்களை எண்ணாதீர்கள். வேடந்தாங்கலில் ஒரு நாரை சிறகு விரித்த ஒரே கணத்தில் முப்பது படங்கள் விழுந்திருக்கும். அவை முப்பது தேவைகள் ஆகா. இயலுமானால், நீங்களே தேர்ந்து பிறருக்குக் காட்டிய படங்களை மட்டும் தனியே ஒருமுறை தொகுத்துப் பாருங்கள். எடுத்தவற்றின் அட்டவணையும் தேர்ந்தவற்றின் அட்டவணையும் வேறுபடுவது உண்டு. நீண்ட முனையில் நூற்றுக்கணக்கில் எடுத்தும், நெஞ்சில் நின்றவை எல்லாம் 35ஐ ஒட்டியே அமைந்திருந்தால், வாங்க வேண்டியது 35 மி.மீ. நிலைகுவிய வில்லையாகவும் இருக்கலாம்.

அட்டவணை காட்டாத பழக்கங்களும் உள. வெளியில் செல்லும்போது வில்லையைக் கழற்றி மாற்றும் இயல்பு உங்களுக்கு உண்டா? புழுதிக் காற்றிலும் தூறலிலும் அதைச் செய்யத் துணிவீர்களா? துணியாதவர் இரண்டு சிறந்த வில்லைகளை வாங்கினாலும் ஒன்றைத்தான் பயன்படுத்துவார். அவர்க்கு டாம்ரான் 28–200 போன்ற நெடுவீச்சு வில்லை ஏற்றது. அதன் ஓரக்கூர்மை குறைவு, நீண்ட முனையில் துளை எஃப் 5.6 ஆகக் குறுகும் என்று அதனை இகழ்வோர் பலர். பையில் உறங்கும் கூரிய வில்லையைவிடக் கருவியில் பூட்டிய நெடுவீச்சு வில்லை படம் தரும். நாள் முழுதும் மலையேறுபவரின் தோளுக்கு, சோனியின் 70–200 எஃப் 2.8 இரண்டாம் வடிவின் 1045 கிராமும் 70–200 எஃப் 4 வில்லையின் முதல் வடிவின் 840 கிராமும் ஒன்றல்ல. பறவையை நாடுவோர்க்கு இவையனைத்தும் அளவில் சிறியவை; 200–600 மி.மீ. வில்லையின் 2115 கிராமை அவர் மனமுவந்து சுமப்பார், சுமக்கவும் வேண்டும்.

தொழில்முறை ஒளிப்படக்காரரிடையே 16–35, 24–70, 70–200 என மூன்றையும் எஃப் 2.8 துளையோடு சேர்த்துவிட வேண்டும் என்ற வழக்கம் நெடுநாளாக உண்டு. நாளைய பணி மண்டபத்திலா மைதானத்திலா என்று அறியாதவர்க்கு அது தக்கது. தம் விருப்பத்துக்குப் படம் எடுப்பவர் தம் பணியை முன்னரே அறிந்தவர். அவர் அம்மூன்றையும் தேடி ஓடுவது பொருள் இழப்பு. வேண்டியது பெரும்பாலும் ஒன்று. சிலர்க்கு, தாம் உண்மையிலேயே வாழும் இரு கோணங்களுக்கு இரண்டு.

வாங்குமுன் இரண்டு செயல்களைச் செய்யுமாறு ஒளிப்பட ஆர்வலர் அனைவரையும் கேட்டுக்கொள்கிறேன். கடந்த ஓராண்டின் படங்களைத் திறந்து, குவியத் தொலைவையும் துளை எண்ணையும் ஐ.எஸ்.ஓ.வையும் ஒரு தாளில் தொகுத்தெழுதுங்கள். அத்தாள் எந்த வில்லையைச் சுட்டுகிறதோ அதனை வாடகைக்கு எடுத்து, நீங்கள் வழக்கமாகச் செல்லும் இடத்துக்கே கொண்டு சென்று, வழக்கமாக எடுக்கும் படங்களையே எடுங்கள். அதன் பிறகும் வேண்டும் என்று தோன்றினால் வாங்குங்கள். ஏற்கெனவே கையிலிருப்பதே போதும் என்று அத்தாள் கூறினால், அதை நம்பி, புதியதற்கென ஒதுக்கிய பொருளைக் கொண்டு ஒரு பயணம் புறப்படுங்கள்.